மாயா அரண்மனைச் சுவரில் இருப்பது யார் முகம்?

வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றிவரும் ஒரு படம் இருக்கிறது. மெக்சிகோவின் யுகத்தான் பகுதியில் ஒரு பழைய கல் கட்டடம். அதன் சுவர் முழுக்க வரிசை வரிசையாக முகங்கள். உருட்டி விழிக்கும் கண்கள், பல் தெரியும் வாய், சுருண்டு வெளியே நீளும் மூக்கு. கீழே யாராவது ஒரு விளக்கம் எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் ‘மாயாக்களின் மழைக் கடவுள்’ என்று இருக்கும். கொஞ்சம் உற்சாகமானவர்கள் ‘பார்த்தீர்களா, யானை முகம்!’ என்பார்கள். அதைவிட உற்சாகமானவர்கள் ‘நம்ம மயன் போய்க் கட்டியது’ என்று முடித்துவிடுவார்கள்.

கடைசியில் இருந்து வருவோம். நம் புராணங்களில் வரும் அசுரத் தச்சன் மயனுக்கும் மாயா மக்களுக்கும் இருப்பது ஒலி ஒற்றுமை மட்டும்தான். மாயா என்பது தெற்கு மெக்சிகோ, குவாத்தமாலா, பெலீஸ், ஹோண்டுராஸ், எல் சால்வடோர் வரை பரவியிருந்த, இன்றும் லட்சக்கணக்கில் வாழ்கிற மக்களின் பெயர். ஒரே பேரரசாக அவர்கள் ஒருபோதும் இருந்ததில்லை. தனித்தனி நகர அரசுகள்.

யானைக் கதைக்கு வயது அதிகம். 1830களில் வால்டெக் என்ற ஓவியர் மாயா சிற்பங்களை வரைந்தபோது யானைத் தலைகளையே வரைந்துவைத்தார். அவருக்குப் பின் உஷ்மல் நகரத்துக்குப் போன அமெரிக்கப் பயணி ஜான் லாய்ட் ஸ்டீபன்ஸ், சுவரில் நீட்டிக்கொண்டிருந்த மூக்கை யானைத் துதிக்கைக்கு ஒப்பிட்டார். ஆனால் இந்தக் கண்டத்தில் யானை கிடையாதே என்றும் சேர்த்தே எழுதினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உடற்கூறியல் அறிஞர் கிராஃப்டன் எலியட் ஸ்மித் போன்றோர் அந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டு, மாயா கலை இந்தியாவிலிருந்து போனது என்று வாதாடினார்கள். அவர்களுடைய முக்கியச் சாட்சி ஹோண்டுராஸில் கோப்பான் நகரத்து ‘பி’ நடுகல். அதன் உச்சியில் இருப்பவை யானைகளாம். உண்மையில் அவை மக்கா கிளிகள். துதிக்கை என்று பார்த்தது வளைந்த அலகை. அமெரிக்கக் கண்டங்களில் இருந்த யானை இனங்கள், மாயா நகரங்கள் எழுவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோயின. அந்தக் கிளிக் கல்லைப் பற்றிக் கட்டுரையின் பிற்பகுதியில் மறுபடி பேசுவோம், அதில் வேறு ஒரு செய்தி இருக்கிறது.

மிஞ்சுவது மழைக் கடவுள். இதுதான் உண்மையிலேயே பேச வேண்டிய விஷயம். ஏனென்றால் இது பாதி சரி. வழிகாட்டிகள் சொல்கிறார்கள், பல பழைய நூல்களிலும் உண்டு. ஆனால் கடந்த நாற்பது ஆண்டு ஆய்வு வேறு பக்கம் கைகாட்டுகிறது.

## முகமூடி என்று ஏன் பெயர்?

ஆய்வாளர்கள் இந்த முகங்களை ‘முகமூடிகள்’ என்கிறார்கள். அந்தப் பெயரே முதலில் நம்மைக் குழப்பும். முகமூடி என்றால் ஒருவர் மாட்டிக்கொள்வது. அதற்குப் பின்னால் வேறு முகம் இருக்க வேண்டும். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. இவை யாரும் அணியாத, சில இடங்களில் ஓர் ஆள் உயரத்தைவிடப் பெரிய முகங்கள். உடம்பு இல்லாமல் முகம் மட்டும் நேர்பார்வையில் இருப்பதால் பழைய ஆய்வாளர்கள் வைத்த பெயர் அது; ஒட்டிக்கொண்டுவிட்டது.

எதிரே வரும் பேருந்தைச் சின்னப் பிள்ளைகள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டு விளக்கும் கண், நடுவில் கம்பி வலை வாய். பேருந்துக்கு யாரோ முகமூடி மாட்டியதாக எந்தக் குழந்தையும் நினைப்பதில்லை. பேருந்துக்கே முகம் இருக்கிறது, அவ்வளவுதான். மாயா கட்டட முகத்தையும் அப்படிப் பார்ப்பதுதான் நல்ல தொடக்கம். அது கட்டடத்தின் மேல் மாட்டிய படம் என்பதைவிட, கட்டடத்தின் சொந்த முகம்.

‘அரண்மனை’ என்ற சொல்லிலும் ஒரு எச்சரிக்கை. செங்குத்தான பிரமிடின் உச்சியில் சின்னதாக இருப்பதைக் கோயில் என்றும், தாழ்வாக, நீளமாக, பல அறைகளோடு இருப்பதை அரண்மனை என்றும் சொல்வது ஆய்வாளர் வழக்கம். உஷ்மலில் ‘ஆளுநர் மாளிகை’, ‘கன்னிமாடம்’ என்று அழைக்கப்படும் கட்டடங்களுக்கு அந்தப் பெயர்கள் ஸ்பானியர் காலத்தில் வந்தவை. கன்னிமாடத்தில் கன்னியாஸ்திரிகள் யாரும் இருந்ததில்லை.

## சுதையில் தொடங்கி, கல்லுக்கு வந்த கதை

மிகப் பழைய முகங்கள் கல்லில் செதுக்கியவை அல்ல, சுதை வேலை. சுதை என்றால் சுண்ணாம்புச் சாந்து. முரட்டுக் கல்லை அடுக்கி மூக்கு, கன்னம் என்று ஒரு உருவத்தைத் தோராயமாக எழுப்பி, அதன் மேல் சாந்தைத் தடித்துப் பூசி, ஈரம் காயுமுன் வடிவம் கொடுத்து, சிவப்பு முதலிய வண்ணங்கள் அடிப்பார்கள். குவாத்தமாலாவில் வாஷக்தூன் என்ற இடத்தில் 1920களில் அமெரிக்காவின் கார்னகி ஆய்வு நிறுவனத்தார் ஒரு சிதைந்த பிரமிடை அகற்றியபோது, உள்ளே அதைவிடப் பழைய பிரமிடு ஒன்று வெள்ளைச் சுதை மாறாமல் இருந்தது. படிக்கட்டின் இரு பக்கமும் பெரிய பெரிய முகங்கள். பெலீஸ் நாட்டுக் கடற்கரையில் செர்ரோஸ் என்ற ஊரில் இருக்கும் முகங்கள் கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய காலத்தவை.

சுதை மழையில் கரையும். பிறகு எப்படி 2,000 ஆண்டு தாங்கியது? மாயாக்கள் பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது குறைவு; பழையதை உள்ளே வைத்து மூடி, மேலே பெரிதாகக் கட்டுவார்கள். வெங்காயம் போல அடுக்கடுக்காக. கோப்பானில் தொல்லியலாளர் ரிக்கார்டோ அகுர்சியா 1989இல் ஒரு பிரமிடுக்குள் சுரங்கம் தோண்டிப் போனபோது, 6ஆம் நூற்றாண்டுக் கோயில் ஒன்று முகங்களோடும் சிவப்பு வண்ணத்தோடும் முழுதாக உள்ளே நின்றுகொண்டிருந்தது. அதற்கு ‘ரோசலீலா’ என்று பெயரிட்டார்கள். அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகு, நாம் புகைப்படங்களில் பார்க்கும் சாம்பல் நிறக் கட்டடங்களெல்லாம் வேடம் கலைந்த கூத்துக்காரர்கள் போலத்தான் தெரியும்.

சுண்ணாம்பு செய்யச் சுண்ணாம்புக் கல்லைச் சுட வேண்டும். அதற்கு மலை மலையாக விறகு வேண்டும். காலப்போக்கில் பூச்சின் தடிமன் குறைந்து, வடிவத்தைக் கல்லிலேயே வெட்டும் முறை வந்தது. இதன் உச்சம் யுகத்தானின் பூக் பாணி. பூக் என்பது அந்தப் பகுதியின் தாழ்ந்த குன்றுத் தொடரின் பெயர். காலம் சுமார் 700 முதல் 1000 வரை. இங்கே சுவரின் உட்புறம் கல்லும் சாந்தும் கலந்த நிரப்பு. வெளிப்புறம் மெல்லிய, நேர்த்தியாக வெட்டிய கற்களின் போர்வை. முகங்களும் அப்படியே துண்டு துண்டாகச் செய்யப்பட்டன. ஒரு துண்டு கண், ஒரு துண்டு புருவம், காதணிக்கு ஒன்று, பல்வரிசைக்கு ஒன்று. மூக்கு மட்டும் நீண்ட தனிக் கல். அதன் பின்முனை சுவருக்குள் ஆழமாகச் செருகப்பட்டிருக்கும். இன்று பல முகங்களுக்கு மூக்கு இல்லாததற்குக் காரணம் இதுதான்: சுவரில் இருந்து அதிகம் நீட்டிக்கொண்டிருந்த துண்டு முதலில் விழுந்துவிட்டது.

இதுவரை சொன்னது இவ்வளவு: முகங்கள் முதலில் சுதையில் வந்தன, பிறகு அச்சுக் கோத்ததுபோல் கல் துண்டுகளில் வந்தன. ஒரே மாதிரித் துண்டுகளைத் திரும்பத் திரும்ப வெட்டியதால்தான் ஒரே கட்டடத்தில் நூற்றுக்கணக்கான முகங்களை வைக்க முடிந்தது.

## மூக்கை வைத்து முடிவு கட்டியது எப்படி?

19ஆம் நூற்றாண்டின் முடிவில் மாயா எழுத்தை யாராலும் படிக்க முடியவில்லை. கையில் இருந்தவை மரப்பட்டைத் தாளில் எழுதிய மூன்று நூல்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் கடவுள் உருவங்களுக்குப் பெயர் தெரியாததால், பால் ஷெல்ஹாஸ் என்ற ஜெர்மானியர் ஆங்கில எழுத்துகளை வரிசையாகக் கொடுத்தார். ‘பி’ கடவுளுக்கு நீண்டு தொங்கும் மூக்கு, கையில் கோடரி. மழையோடும் நீரோடும் வருபவர். அவர்தான் சாக், யுகத்தான் மக்களின் மழைக் கடவுள் என்று பின்னர் உறுதியானது.

அப்புறம் என்ன? பூக் பகுதிக்குப் போனால் சுவரெங்கும் நீண்ட மூக்கு. அதோடு பூக் பகுதியில் ஆறு இல்லை. நிலத்தடி நீரும் எட்டாத ஆழத்தில். மழைநீரைச் சுல்துன் எனப்படும் குப்பி வடிவத் தரையடித் தொட்டிகளில் பிடித்து வைத்துத்தான் நகரங்கள் பிழைத்தன. மழைக்கு ஏங்கும் ஊர், சுவரெல்லாம் மழைக் கடவுள். கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! தவறான விளக்கங்கள் நெடுநாள் வாழ்வதற்கு இந்தப் பொருத்தம் போதும்.

ஓட்டை எங்கே என்றால், மாயா கலையில் நீண்ட மூக்கு சாக்கின் தனிச்சொத்து இல்லை. மின்னலோடும் அரச வம்சத்தோடும் தொடர்புடைய கவீல் என்ற கடவுளுக்கும் நீண்ட மூக்குதான். பாம்புகளுக்கும் உண்டு, வேறு பல அமானுஷ்ய உயிர்களுக்கும் உண்டு. ‘இது சாதாரண உயிர் இல்லை’ என்று காட்டும் பொது அடையாளம் அது. தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் இருந்தால் தெய்வம் என்று தெரியும். எந்தத் தெய்வம் என்று தெரியாது அல்லவா?

## உயிர்மெய் போல ஒரு முகம்

அப்படியானால் எதை வைத்து அடையாளம் காண்பது? தமிழ் எழுத்தைப் படிப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். ‘க’ என்ற உரு ஒன்றுதான். அதில் விசிறி போட்டால் கி, கொம்பு போட்டால் கெ, தலையில் புள்ளி வைத்தால் க். அடிப்படை உருவை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் ‘க’ என்று படித்தால் வாசகம் குழம்பிவிடும். மாயா முகத்திலும் கண், மூக்கு, வாய் என்ற அடிப்படை பெரும்பாலும் ஒரே மாதிரி. நெற்றியிலும் கன்னத்திலும் காதருகிலும் இருக்கும் சின்னச் சின்னக் குறிகள்தான் பொருளை மாற்றுகின்றன.

செர்ரோஸில் படிக்கட்டின் இரு பக்கமும் இருக்கும் கீழ்வரிசை முகங்களின் கன்னத்தில் நான்கு இதழ்ப் பூ போன்ற குறி இருக்கிறது. அது மாயா எழுத்தில் ‘கின்’, அதாவது சூரியன் அல்லது பகல். எனவே அவை சூரிய முகங்கள். படிக்கட்டுக்குக் கிழக்கே இருப்பது உதிக்கும் சூரியன், மேற்கே இருப்பது மறையும் சூரியன் என்று படிக்கிறார்கள். நடுவில் அரசன் ஏறி இறங்குகிறான். மெக்சிகோவின் கோஹுன்லிச்சில் மிஞ்சியிருக்கும் 5 பெரிய சுதை முகங்களையும் சூரியக் கடவுளோடு தொடர்புபடுத்துகிறார்கள். இந்த இரண்டு ஊரிலும் மழைக்கு வேலையே இல்லை.

இப்போது இன்னொரு குறித் தொகுதி. நெற்றி நடுவில் படிப்படியாக வெட்டிய பிளவு. முகத்தில் திராட்சைக் கொத்து போல வட்ட வட்டமான புள்ளிகள். சில இடங்களில் நெற்றிப் பிளவிலிருந்து மக்காச்சோளம் முளைக்கும், அல்லது பூ இருக்கும். திராட்சைக் கொத்துக் குறி மாயா கலையில் ‘இது கல்’ என்று சொல்வது. நாம் வரைபடத்தில் நீலக் கோடு போட்டு ஆறு என்று காட்டுவது போல. கல்லால் ஆன, பிளவுபட்ட, சோளம் முளைக்கும் முகம். யார் இது?

## விட்ஸ்: முகம் கொண்ட மலை

பதில் எழுத்தில் இருந்து வந்தது. பதின்ம வயதிலேயே மாயா எழுத்தைப் படிப்பதில் பெயர்பெற்ற டேவிட் ஸ்டூவர்ட், 1987இல் வெளியிட்ட ஆய்வில் சில அசை எழுத்துகளின் ஒலியை நிறுவினார். வழி எளிமையானதுதான். ஒரே சொல்லை ஓரிடத்தில் படக்குறியாகவும் இன்னோரிடத்தில் அசை அசையாகவும் எழுதியிருந்தால் இரண்டையும் ஒப்பிடலாம். ஒரு ரசீதில் ரூபாய்க் குறியும் அடுத்த ரசீதில் அதே இடத்தில் ‘ரூபாய்’ என்ற எழுத்தும் இருந்தால், குறியின் ஒலி தெரிந்துவிடும் இல்லையா? அப்படி, மேலே சொன்ன கல் முகக் குறி வரவேண்டிய இடத்தில் வி, ட்ஸி என்ற அசைகள் வந்தன. சேர்த்தால் விட்ஸ். யுகத்தான் மாயா மொழியில் இன்றும் விட்ஸ் என்றால் குன்று, மலை.

அதாவது அந்த முகம் ஒரு கடவுளின் உருவப்படம் அல்ல. அது ஓர் இடத்தின் பெயர்ச்சொல். சுவரில் அதை வைத்தால் ‘இது மலை’ என்று எழுதியதாகப் பொருள். மாயாக்களுக்கு மலை வெறும் மண்மேடும் இல்லை, உயிருள்ளது. அதனால்தான் கண்ணும் வாயும்.

கோப்பானின் கிளிக் கல்லுக்கு இப்போது திரும்பலாம். 731இல் நாட்டப்பட்ட அந்தக் கல்லில் அரசன் ஒரு மலை முகத்தின் நடுவே நிற்கிறான். அதில் எழுதியிருப்பது ‘மோ விட்ஸ்’ என்ற இடப்பெயர். மோ என்றால் மக்கா கிளி. கிளிமலை! கிளியையும் மலையையும் சேர்த்துச் செதுக்கி ஊர்ப்பெயரை எழுதியிருக்கிறார்கள். அதைத்தான் யானை என்றும் பாகன் என்றும் படித்து இந்தியாவுக்குக் கப்பல் விட்டார்கள்.

## அரண்மனைக்கு எதற்கு மலை?

மலை என்றால் குகை இருக்கும். குகையில் இருந்து குளிர்ந்த காற்று வரும், ஊற்று வரும். மேகமும் மின்னலும் அங்கேதான் பிறக்கின்றன என்பது மாயா நம்பிக்கை. முதல் மக்காச்சோளம் மலைக்குள்ளிருந்து வந்தது. முன்னோர்கள் மலைக்குள் வாழ்கிறார்கள். ஆகவே கட்டடம் மலை என்றால் அதன் வாசல் குகை, மலை முகத்தின் வாய்.

இதை எந்த ஒளிவுமறைவும் இல்லாமல் செய்து காட்டியவர்கள் பூக்குக்குத் தெற்கே இருந்த நகரத்தார். சிக்கன்னா, ஹோச்சோப் ஆகிய ஊர்களில் வாசல் முழுவதுமே ஒரு வாய். மேலே பல்வரிசை தொங்கும், தரையில் கீழ்த்தாடை நாக்கு போல நீளும், இரு பக்கமும் பக்கவாட்டு முகங்கள். உள்ளே போகிறவர் விழுங்கப்படுகிறார். வெளியே வருகிறவர் மலைக்குள்ளிருந்து பிறந்து வருகிறார். எக் பலாம் நகரத்தில் உக்கித் கன் லெக் தோக் என்ற அரசனின் கல்லறை வாசலும் இப்படித்தான், பற்கள் சூழ்ந்த வாய்.

மற்றக் கட்டடங்களில் இது கொஞ்சம் அடக்கமாக நடக்கிறது. கோப்பானில் 13ஆம் அரசன் 715இல் முடித்த ‘22ஆம் கோயில்’ கட்டடத்தின் மூலைகளில் விட்ஸ் முகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. மூலைக்கு மூலை ‘மலை, மலை’ என்று எழுதிவைத்தது போல. அதன் மேல்பகுதியை அலங்கரித்த இளம் மக்காச்சோளக் கடவுள் சிலை ஒன்று இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் அழகைப் பாராட்டாதவர் இல்லை. ஆனால் மலையிலிருந்து பிரித்துத் தனியாக வைத்த சோளக்கதிர் அது.

உஷ்மலின் ஆளுநர் மாளிகை கிட்டத்தட்ட 100 மீட்டர் நீளம். கீழ்ச்சுவர் வெறுமையாக இருக்கும். மேல்பாதியில் முகங்கள் படிப்படியாக ஏறி இறங்கும். நடுவாசலுக்கு மேலே ஓர் அரசனின் உருவம் உட்கார்ந்திருக்கிறது. முகங்களின் நடுவே, முகங்களுக்கு மேலே. ஆட்சி செய்கிறவன் மலைகளின் மேல் அமர்ந்தவன் என்று சொல்ல இதைவிட வெளிப்படையான வழி இல்லை. மாயா அரசன் கட்டிக்கொண்டது தங்கும் வீட்டை மட்டுமல்ல, தான் தோன்றி வர ஒரு மலையையும்.

சுருக்கமாக இங்கே நிறுத்திப் பார்த்தால்: முகம் மலையின் குறி, வாசல் குகை, அதிலிருந்து வெளிப்படுகிறவன் அரசன். லப்னா நகரத்து அரண்மனையில் ஒரு முகத்தின் மூக்கிலேயே 862ஆம் ஆண்டுக்குச் சமமான தேதியைப் பொறித்திருக்கிறார்கள். முகமும் எழுத்தும் அவர்களுக்கு அவ்வளவு நெருக்கம்.

## சரி, சாக் அங்கே இல்லவே இல்லையா?

இதில்தான் நிதானம் வேண்டும். பழைய தவறைத் திருத்தும் வேகத்தில் ‘எல்லாமே மலை’ என்று சொல்லிவிட்டால் அதுவும் அதே அவசரம்தான். பூக் முகங்களில் பலவற்றின் நெற்றியில் பூ வரிசை இருப்பதைக் காட்டி, அவை முன்னோர்கள் வாழும் ‘பூமலை’ என்று மாயா ஆய்வாளர் கார்ல் டௌப் 2004இல் வாதிட்டார். இன்னும் சாக் என்றே படிப்பவர்களும் ஆய்வாளர்களில் உண்டு. உஷ்மல் கன்னிமாடத்தின் வடக்குக் கட்டடத்தில் அடுக்கிய முகங்களின் உச்சியில் மத்திய மெக்சிகோவின் மழைக் கடவுளான திலாலோக்கின் முகம் இருக்கிறது. மழை அங்கே கண்டிப்பாக யார் மனதிலோ இருந்திருக்கிறது. ஆளுநர் மாளிகையைக் கட்டியவனாகக் கருதப்படும் அரசனின் பெயரிலேயே சாக் உண்டு.

அதோடு மழையும் மலையும் எதிரிகள் அல்ல. மேகம் பிறப்பது மலைக் குகையில் என்றால் சாக்கின் வீடும் மலைதான். வீட்டைப் பார்த்து வீட்டுக்காரர் என்று சொன்னதுதான் பழைய தவறு. வீட்டுக்காரர் உள்ளே இருக்கலாம்.

இந்த எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் உஷ்மலுக்கு அருகில் கபாஹ் நகரத்து ‘முகமூடி அரண்மனை’தான். முதலில் சொன்ன வாட்ஸ்அப் படம் பெரும்பாலும் இதுதான். பூக் வழக்கத்தை மீறி, கீழே பாதி சுவரை வெறுமையாக விடாமல் அடியிலிருந்து நுனி வரை முகங்கள், 250க்கும் மேல். யுகத்தான் மாயாவில் இதைக் கோட்ஸ் போப் என்கிறார்கள். சுருட்டிய பாய் என்று அர்த்தம். சுருண்ட மூக்கைப் பார்த்து வந்த பெயர் என்பார்கள். உள்ளே முன்னறையிலிருந்து பின்னறைக்குப் போகும் வாசல் சற்று உயரத்தில் இருக்கிறது. அதற்குப் படியாகக் கீழே ஒரு முழு முகத்தைச் செய்து வைத்திருக்கிறார்கள். அதன் சுருண்ட மூக்கின் மேல் கால் வைத்துத்தான் உள்ளே ஏற வேண்டும்.